பேசக்கூடாத பெட்டியும் மடிலக்கி அரிசியும்

…விமான நிலையத்தில் அந்த நாய் அரிசியை ஒன்றும் செய்யவில்லை, டீச்சர். வெற்றிலையைத்தான் பிடித்தது. காது தொங்கிய சின்ன நாய். என் பையை மோந்து பார்த்துவிட்டு, பந்திக்கு உட்காருவதுபோல என் காலடியில் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. குரைக்கவே இல்லை. நம் மைசூர் விஜயநகர் நாய்களாயிருந்தால் பால்காரனுக்கே தெருக்கோடி வரை குரைத்திருக்கும். கூட வந்த அதிகாரி ஒரு பெண், பனைமரம் மாதிரி உயரம். வெற்றிலைக் கட்டை எடுத்துத் தனியே வைத்து, இலை உள்ளே வரக்கூடாது என்று கையாலேயே சொன்னாள். வெல்லத்தைப் பார்த்தாள், அரிசி மூட்டையைப் பார்த்தாள். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே தண்ணீர் குலுங்கியதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போகச் சொல்லிவிட்டாள். நான் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். வெற்றிலை போனால் போகட்டும். அரிசியும் காயும் தப்பியதே பெரிது.

எழுதுகிறீர்களா? எழுதுங்கள். ஆனால் நான் பேசுகிறபடியே எழுதினால் உங்கள் பழைய மாணவர்கள் போடுகிற மலரில் யார் படிப்பார்கள்? அச்சில் வருகிற மாதிரி நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் ஸ்டெல்லா டீச்சர். மற்றவர்கள் பேசினதை மட்டும் அவரவர் வாயில் வந்தபடி விட்டுவிடுங்கள். எனக்குக் கையெழுத்தே வராது, கட்டுரை எங்கிருந்து வரும்? காபி குடித்துக்கொண்டே எழுதுங்கள், ஆறிவிடும்.

என் மகள் கவிதாவும் மாப்பிள்ளை முருகேசும் ஹாலந்து தேசத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பேத்தி தியாவைப் பார்க்கத்தான் போனேன் என்று இந்தத் தெருவில் எல்லாரிடமும் சொன்னேன். அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி, எங்கள் ஊர் ஹனூரிலிருந்து பஸ் ஏறி வந்த சின்னத்தாயி.

சின்னத்தாயி என் வயசுக்காரி. இரண்டு பேரும் ஒரே வாய்க்காலில் துணி துவைத்தவர்கள். நான் கிளம்புவதற்கு முன்பு ஒருநாள் துணி மூட்டையோடு வந்து, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏம்புள்ள பாக்கியம், நீ போற தேசத்துல தான எம்மவ ரேவதி இருக்கறா?"

"அதே தேசந்தான். ஊரு வேற. ரயில்ல போவணுமாம்."

"போ. போயி இத அவ மடியில கட்டிட்டு வந்துரு."

மூட்டையை அவிழ்த்தாள். அவர்கள் வயலில் விளைந்த அரிசி, காய்ந்த வேப்பிலையோடு. வெல்லம், மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், ரவிக்கைத் துணி. குடுமியோடு ஒரு தேங்காய். வெற்றிலைக் கட்டு நான் வாங்கிச் சேர்த்தது.

உங்கள் வீடுகளில் இந்தப் பழக்கம் இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது தாய்க்காரி அவள் மடியில் அரிசியும் காயும் வைத்து நிரப்பி அனுப்புவாள். கன்னடத்துக்காரர்கள் மடிலக்கி என்பார்கள். அவர்களோடு பழகிப் பழகி ஹனூரில் நாங்களும் அப்படியே சொல்கிறோம். இதில் முக்கியம் நிரப்புவது இல்லை. நிரம்பிய மடியிலிருந்து அந்தப் பெண் ஒரு பிடி எடுத்துத் தாய் வீட்டிலேயே திரும்பப் போடவேண்டும். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகவில்லை, என் வீடு இன்னும் இங்கேயும் இருக்கிறது, வருவேன் என்று அர்த்தம். போடாமல் போனால் கணக்குத் தீர்ந்தது என்று அர்த்தம்.

ரேவதி மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பின அன்றைக்குச் சின்னத்தாயி முறத்தில் அரிசி எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். புருஷன் ஒரு வார்த்தை சொன்னார். "கல்யாணம் ஆவாத புள்ளைக்கு எங்கிருந்து வந்துச்சு மடிலக்கி?" பார்த்துவைத்த மாப்பிள்ளையை ரேவதி வேண்டாம் என்றதில் அவருக்கு அத்தனை கோபம். சின்னத்தாயி மறுபேச்சுப் பேசாமல் முறத்து அரிசியைத் தகர டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ரேவதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள். போனில் பேசுவாள், நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஹனூர் வாசலை மிதிக்கவில்லை.

"காய அவருதான் பொறுக்கிக் குடுத்தாரு," என்றாள் சின்னத்தாயி. "ஏன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. பாக்கியம், நீ ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வா. அவ ஒரு புடி திருப்பிப் போடறாளான்னு பாரு. ஆனா நீ சொல்லிக் குடுத்துறாத. உனக்கு வாய் நிக்காது, அதான் இப்பவே சொல்றேன். அவளா போட்டாத்தான் போட்டது."

என்னைப் போய் வாய் நிற்காது என்கிறாள், பாருங்கள். இருக்கட்டும். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். மடியை நிரப்பாமல் ஊர் திரும்புவதில்லை, வாயைத் திறப்பதுமில்லை.

அந்த ஊரில் முதல் நாள் எனக்குப் பிடிபடாதது சூரியன். ராத்திரிச் சாப்பாடு ஆகி, பாத்திரம் கழுவி, தியாவைத் தூங்கவைத்த பிறகும் ஜன்னலில் பளீரென்று வெயில். விளக்கு வைக்கிற நேரம் எது என்றே தெரியவில்லை. வீட்டுப் படிக்கட்டு நம் பரணுக்கு ஏறுகிற ஏணி மாதிரி. காலையில் தியா ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே எறும்பு கொட்டினது போல கறுப்பு மிட்டாய்த்தூள் தூவிச் சாப்பிட்டாள். "இதாடி காலைப் பலகாரம்?" என்றேன். "பாட்டி, எல்லா கிட்ஸும் இதுதான் சாப்புடுவாங்க," என்றாள். நான் கொண்டுபோன ராகி மாவில் கூழ் காய்ச்சிக் கொடுத்தேன். அவள் அதிலும் அந்த எறும்பைத் தூவினாள்! நான் ஒரு வாய் தின்று பார்த்தேன். மோசமில்லை, டீச்சர்.

மறுநாள் மாப்பிள்ளை சந்தைக்குக் கூட்டிப் போனார். ஒரு கனவான், கோட்டும் டையுமாக, வேகாத மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாந்து வாய்க்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, அப்புடிப் பாக்காதீங்க," என்றார் மாப்பிள்ளை.

"நாம களி உருண்டைய மெல்லாம முழுங்கறதில்லையா மாப்ள? அவரு மீன முழுங்கறாரு. நல்லா சாப்புடட்டும்."

அந்தக் கனவானுக்கு என்ன புரிந்ததோ, வாய் நிறைய மீனோடு எனக்குத் தலையசைத்தார்.

அங்கே சைக்கிள்தான் ராஜா. மைசூர் மண்டி மொஹல்லா சந்துகளில் எத்தனை தடவை நடந்திருப்பேன், ஆட்டோவும் ஸ்கூட்டரும் முதுகை உரசிக்கொண்டு போகும், ஒன்றும் ஆனதில்லை. ஏனென்றால் அவன் ஹாரன் அடிப்பான், நான் திட்டுவேன், இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வோம். இங்கே சத்தமே இல்லாமல் வருகிறார்கள். சிவப்புத் தரையில் நின்று பூ பார்த்துக்கொண்டிருந்தேன். அது சைக்கிள் பாதையாம். ஒரு பெண், முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை, காய்கறிப் பை வேறு, என்னைச் சுற்றிக்கொண்டு வழுக்கி ஓடினாள். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

ரேவதிக்குப் போன் போட்டேன். சந்தோஷமாகத்தான் பேசினாள். ஆனால் வரச்சொன்னால் நழுவினாள்.

"இந்த வாரம் முடியாதுங்க பெரிம்மா. பூச்சிக்கு லீவு கெடையாதுங்க."

அடுத்த வாரமும் அதே பதில். அவள் வேலை தானியத்தில் விழுகிற பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சி. நான் என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. அம்மா வீட்டு ஆள் என்றாலே அவள் குரல் ஒரு படி இறங்கிவிடுவது போனிலேயே தெரிந்தது.

"சரி கண்ணு," என்றேன். "பூச்சிக்கு லீவு இல்லீன்னா, பூச்சி இருக்கற எடத்துக்கு நானே வர்றேன்."

கவிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் ஒருநாள் லீவு போட்டு என்னை ரயிலேற்றினாள். நாங்கள் உட்கார்ந்த பெட்டியின் கண்ணாடியில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு எழுத்தெல்லாம் கோலம் மாதிரிதானே, அழகாயிருக்கிறது என்று கவிதாவிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"அம்மா, சும்னே உக்காரு," என்று கிசுகிசுத்தாள். மைசூரில் வளர்ந்தவள், அவசரத்தில் கன்னடம்தான் வரும். "இது பேசக்கூடாத பொட்டி."

பேசக்கூடாத ரயில் பெட்டி! நம் பெங்களூர் ரயிலில் மத்தூர் வடை வருவதற்குள் எதிர் சீட்டுக்காரியின் மருமகள் குணம் வரை தெரிந்துவிடும். இங்கே அத்தனை பேரும் பூசையறையில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவழியில் நான் ஒரு தும்மல் போட்டேன். அதற்கே நாலு தலை திரும்பியது.

எதிர்ப்பக்கம் என் வயசில் ஒரு அம்மாள். நம் நிறம், பின்னல், கை நிறையத் தங்க வளையல். நம்ம பக்கத்து ஆள் என்று எனக்கு ஒரே ஆனந்தம். கேட்கத்தான் முடியவில்லை. அவள் உதட்டில் விரல் வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒரு ஸ்டேஷனில் ரயில் கொஞ்ச நேரம் நின்றது. லீவு போட்டவளை ஆபீஸ் விடுமா? கவிதாவுக்குப் போன் வந்தது. பேசக்கூடாத பெட்டியாயிற்றே, அதனால் கீழே இறங்கி நின்று பேசினாள். விசில் ஊதினதும் பக்கத்திலிருந்த கதவில் ஏறினாள். உள்ளேயே நடந்து என்னிடம் வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, டீச்சர். பாதி வழியில் ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை ஓர் ஊருக்கும் பின்பாதியை வேறு ஊருக்கும் அனுப்பிவிடுவார்கள். கவிதா ஏறினது முன்பாதி. என் போன் அலறியது.

"அம்மா! ரயிலு ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு! நீ பின்பாதியில இருக்கே!"

"பாதி ரயிலா? முழு டிக்கெட்டு தானடி எடுத்தே?"

பேசக்கூடாத பெட்டியில் என் குரல் மேளம் கொட்டினது போல விழுந்தது. வளையல்கார அம்மாள் எழுந்து வந்து போனை வாங்கி, கவிதாவிடம் அந்த ஊர் பாஷையில் என்னமோ பேசினாள். அடுத்த ஸ்டேஷன் வந்ததும் என் கையைப் பிடித்து இறக்கி, தானும் இறங்கி, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது அவள் இறங்கவேண்டிய ஊரே இல்லையாம்.

அவள் பேசினது தமிழுமில்லை, கன்னடமுமில்லை, டிவியில் வருகிற இந்தியுமில்லை. ஆனால் என் பையிலிருந்து தேங்காய்க் குடுமி எட்டிப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இது எதற்கு என்று கையை விரித்தாள். நான் அரிசியைக் காட்டினேன், மடியைக் காட்டினேன். சடாரென்று எழுந்து நின்று, போட்டிருந்த கோட்டின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் மடி மாதிரி ஏந்தினாள். அதில் இல்லாத அரிசியை வாங்கிக்கொண்டாள். பிறகு ஒரு பிடி எடுத்து, என் பக்கமாகத் திருப்பிப் போட்டாள்.

எனக்கு மயிர் கூச்செறிந்துவிட்டது.

கவிதா அடுத்த ரயிலில் மூச்சு வாங்க வந்து சேர்ந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த அம்மாளின் முன்னோர்கள் அந்தக் காலத்தில் வடநாட்டிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி எங்கேயோ கடல் தாண்டிப் போனவர்கள். அங்கிருந்து ஹாலந்து. அவள் இந்தியாவைப் பார்த்ததே கிடையாதாம். "அவங்க வீட்டுலயும் பொண்ணு மடியில அரிசி மஞ்ச போட்டுத்தான் அனுப்புவாங்களாம்மா," என்றாள் கவிதா. போகும்போது அந்த அம்மாள் என் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இத்தனை கடலுக்கு அப்பால், இத்தனை தலைமுறை கழித்து, ஊரைப் பார்க்காதவளுக்கே அந்தப் பிடி அரிசி நினைவிருக்கிறது. ஹனூரில் பிறந்த ரேவதிக்கு இருக்காதா என்று நினைத்தேன். இருந்தும் போடாமல் விட்டால் என்ன செய்வது என்றும் நினைத்தேன்.

ஆராய்ச்சிக்கூட வாசலில் ரேவதி நின்றாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கண்ணாடி. ஆனால் நடை அப்படியே சின்னத்தாயி நடை, தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் வருவது மாதிரி.

"வாங்க பெரிம்மா. எளைச்சுட்டீங்க."

"ரயிலு ரெண்டாச்சு, நானும் பாதி ஆயிட்டேன்."

சிரித்தாள். கவிதா போனோடு கேன்டீனில் உட்கார்ந்துவிட்டாள். என்னை ரேவதி உள்ளே கூட்டிப்போனாள். கை கழுவவேண்டும், தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, மேலே வெள்ளைக் கோட்டு. மேல்கோட்டைக் கோயில் மடப்பள்ளியில்கூட இத்தனை மடி ஆசாரம் பார்க்கமாட்டார்கள். பையை ஓர் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். கீழ்த்தட்டில் யாருடையதோ செருப்பு.

மடிலக்கி அரிசியைச் செருப்போடு வைக்கிறதா? மடியில் போகவேண்டிய அரிசி, டீச்சர். ரேவதி அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் அரிசி மூட்டையை எடுத்து இடுப்பில் செருகி, முந்தானையை இழுத்துவிட்டு, மேலே கோட்டைப் பூட்டிக்கொண்டேன். தேங்காயை மட்டும் துண்டு விரித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அதையும் செருகியிருந்தால் இந்த வயசில் பேர் கெட்டுப்போயிருக்கும்.

உள்ளே வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள், மூடிக்குப் பதில் மெல்லிய வலை. ஒவ்வொன்றிலும் தானியம், அதில் பூச்சி. நாம் அரிசியில் வண்டு விழுந்தால் வெயிலில் கொட்டித் திட்டிக்கொண்டே பொறுக்குவோம். அங்கே அவற்றைச் சோறு போட்டு வளர்க்கிறார்கள்! விஷ மருந்து தெளிக்காமல் தானியத்தைக் காப்பாற்ற வழி தேடுகிறார்களாம். எந்த வாசனைக்கு வண்டு வரும், எந்த வாசனைக்கு ஓடும் என்று பார்க்கிற வேலை. ரேவதி அதைச் சொல்லும்போது முகத்தில் என்ன வெளிச்சம் என்கிறீர்கள்! அவளுக்கு மேலே ஒரு பெரியவர், யான் என்று பேர். ஒட்டகச்சிவிங்கி மாதிரி குனிந்து எனக்குக் கை கொடுத்தார்.

அப்போதுதான் என் வெள்ளைச் சட்டைக்கையின் மேல் ஒரு வண்டு நடந்தது.

யான் பார்த்துவிட்டார். ஒரு வார்த்தை சொன்னார். அறையே நின்றுபோயிற்று. கதவைச் சாத்தினார்கள். படிக்கிற பிள்ளைகள் ஓடிவந்து ஒவ்வொரு பாட்டிலாக வலையைத் தொட்டுப் பார்த்தார்கள், முட்டி போட்டு மேசைக்கடியில் தேடினார்கள். எந்தப் பாட்டிலிலிருந்து தப்பினது என்று ஒரே கலவரம். எத்தனை அக்கறை என்று நானும் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கழுத்துப் பட்டையிலிருந்து இரண்டாவது வண்டு இறங்கியது. இடுப்பில் குறுகுறுவென்றது.

"ரேவதி, கண்ணு," என்றேன். "அந்தப் புள்ளைகள எந்திரிக்கச் சொல்லு. இது உம்பட பாட்டல்ல இருந்து வந்ததில்ல. எங்கூட வந்தது."

மூட்டையை எடுத்து நீட்டினேன். யான் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. ரேவதி முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன பெரிம்மா இப்புடிப் பண்ணிட்டீங்க? வெளித் தானியம் உள்ள வரவே கூடாதுங்க. அந்த வண்டு இதுங்களோட கலந்துட்டா எல்லாரோட வேலையும் போச்சு." அவள் மூட்டையை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு அழுத்தி மூடினாள். "இத ஆவிப்பொட்டியில வேகவெச்சுத் தூக்கிப் போட்டுடணும்."

"போடாத கண்ணு. அது உங்கம்மா குடுத்தனுப்புன மடிலக்கி."

 ரேவதி பெட்டியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். அரிசிக்கு நடுவில் காய்ந்த வேப்பிலை தெரிந்தது.

"வேப்பெல போட்டும் வந்துருக்குது பாருங்க," என்றாள். 

யான் என்னவோ கேட்டார். அவள் அவர்கள் பாஷையில் பதில் சொன்னாள், நடுவே நிறுத்தி நிறுத்தி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையால் தன் கோட்டின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அந்த மனுஷர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சுருக்கமாக ஒன்று சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"வேகவெக்க வேண்டாமாம். ஐஸ் பொட்டியில ஒரு வாரத்துக்கு மேல வெச்சா வண்டும் செத்துரும், முட்டையும் செத்துருமாம். அரிசிக்கு ஒண்ணும் ஆவாது."

யானே ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியில் ஒட்டினார். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டேன். "எம்பேரு. அப்புறம், தொடாதீங்கன்னு," என்றாள்.

என் சட்டைக்கையில் பிடிபட்ட வண்டை ரேவதி ஒரு பெரிய கண்ணாடிக்கடியில் வைத்து, என்னைக் கண்ணை வைக்கச் சொன்னாள். ஐயோ டீச்சர்! வண்டுக்குத் தும்பிக்கை! தசரா யானை அம்பாரியை இறக்கிவிட்டு நிற்கிறது போலவே இருக்கிறது.

"நம்மூரு வண்டு பெரிம்மா," என்றாள் ரேவதி. "பொட்ட வண்டு அந்த மூக்கால அரிசியில ஓட்ட போட்டு, உள்ளார முட்ட வெச்சு, ஓட்டைய மூடிரும். வெளிய பாத்தா முழு அரிசிதான். உள்ள இருக்கறது யாருக்கும் தெரியாது."

எனக்கு எத்தனையோ கேட்கத் தோன்றியது. வாசலில் வழியனுப்பும்போது அவள், "அப்புறம் பாக்கலாங்க பெரிம்மா," என்றாள். எப்போது, எதற்கு, ஒன்றும் இல்லை. திரும்புகிற ரயிலில் நானே போய்ப் பேசக்கூடாத பெட்டியில் உட்கார்ந்தேன். கவிதா எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள்.

பிறகு மழை. தியாவோடு வாத்துக்குச் சோறு போட்டேன், காற்றாலை பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரிக்கு ரசம் கொடுத்து அவளைக் கண்ணீர் விடவைத்தேன். ஊர் திரும்புகிற நாள் நெருங்கியது. ரேவதியிடமிருந்து போன் இல்லை. "நீயே கூப்புட்டுக் கேளேம்மா," என்றாள் கவிதா. கேட்கமாட்டேன் என்றேன். அரிசி குளிரில் இருக்கிறது, அவளும் கொஞ்சம் இருக்கட்டும். வரவில்லையென்றால் மறுபடி ரயிலேறி அந்த ஒட்டகச்சிவிங்கியின் ஐஸ் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவது என்று மட்டும் மனசுக்குள் தீர்மானமாக வைத்திருந்தேன்.

நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது ரேவதி வந்தாள். ஸ்டேஷனிலிருந்து மழையில் நடந்து, தொப்பலாக. பையிலிருந்து மூட்டையை எடுத்தாள். யான் ஒட்டின காகிதம் அப்படியே இருந்தது. அரிசி ஜில்லென்றிருந்தது.

"எங்கிட்டச் சேல இல்லீங்க," என்றாள். "இது ஆவுமா?" துவைத்துத் தேய்த்து மடித்த வெள்ளைக் கோட்டு. "வீட்ட விட்டுக் கெளம்புனது இதுக்குத்தானுங்களே."

கிழக்கே பார்க்க நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு முன்பக்கத்தை ஏந்தினாள். மஞ்சள் குங்குமம் வைத்தேன், வளையல் போட்டேன், அரிசியை அள்ளி அள்ளிப் போட்டேன். வெல்லம், ரவிக்கைத் துணி. மேலே தேங்காயை வைத்ததும் அவள் விரலால் தட்டிப் பார்த்தாள்.

"நல்லா முத்துன காய். யாரு பொறுக்குனாங்க?"

கேட்டதற்குப் பதில் சொல்லலாம் அல்லவா? "உங்கப்பன்," என்றேன்.

காய் உருளாமல் மடியை ஒருபக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அம்மா டப்பாவுல திருப்பிக் கொட்டுனாங்க. நான் செருப்ப மாட்டிட்டு நின்னேன். கூப்புடுவாங்கன்னுதான் மெதுவா மாட்டுனேன்."

என் நாக்கு நுனியில் எல்லாம் வந்துவிட்டது, டீச்சர். உங்கம்மாவும் நீ திரும்பிப் பார்ப்பாயென்றுதான் நின்றாள் என்று சொல்லலாம். ஒரு பிடி போடு கண்ணு என்று சொல்லலாம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். நாலு பிள்ளை பெற்றிருக்கிறேன், அப்போதுகூட இத்தனை கஷ்டப்படவில்லை.

அவள் மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேரே கவிதாவின் சமையலறைக்குப் போனாள். மேடையிலிருந்த காலி டப்பாவை எடுத்து, அரிசி அத்தனையும் அதில் கொட்டினாள். சரசரவென்று சத்தம். அவ்வளவுதான், போயிற்று, சின்னத்தாயிக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தேன். கவிதா என்னைப் பார்க்கிறாள், நான் சுவரைப் பார்க்கிறேன்.

மூடியைக் கையில் எடுத்தவள் மூடவில்லை.

"பெரிம்மா, முந்தானைய நீட்டுங்க."

டப்பாவுக்குள் கையை விட்டு, விரலிடுக்கில் ஒன்றும் சிந்தாமல் இறுக்கி ஒரு பிடி எடுத்து, என் முந்தானையில் போட்டாள்.

"வண்டெல்லாம் செத்துருச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லுங்க. பயமில்லாமத் தகர டப்பாவுல போட்டுக்கலாம்னு சொல்லுங்க."

எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள், கேட்கவே இல்லை.

நேற்று மைசூர் வந்து இறங்கினதும் முதல் வேலையாகச் சின்னத்தாயிக்குப் போன் போடச் சொன்னேன். பிரயாணம் எப்படி, பேத்தி எப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

"போட்டாளா?"

"போட்டா."

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"வாயே தொறக்கல."

"பொய் சொல்லாத."

"எங்கப்பன் மேல சத்தியம், புள்ள."

 அந்தப் பக்கம் தகர மூடி ஒன்றை நெம்பித் திறக்கிற சத்தம் கேட்டது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஹனூர் போகிறேன். அந்த ஒரு பிடியைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு அடுக்களை மேடையில்தான்…

இருங்கள். என் மருமகள் சுமதி உள்ளேயிருந்து என்னவோ கேட்கிறாள்.

"அத்தே, உலை கொதிக்குது! இந்தச் சின்ன டப்பாவுல கொஞ்சூண்டு அரிசி இருக்கே, இதையும் சேத்துப் போட்டுடவா?"

"அடியே, தொடாதே! அதத் தொடாதே! டீச்சர், நீங்க காபியக் குடிங்க, நான் உள்ள போறேன். சுமதி! கைய எடுடீ!"